காலை வெயில் கடுமையானால் பிற்பகல் இடிக்கு ஆயத்தமாகுங்கள்

ஏப்ரல், மே மாதங்களில் சிங்கப்பூரில் காலை வெயில் கடுமையாக இருந்தால், பிற்பகலில் இடியுடன் மழை பெய்யும் வாய்ப்பு மிகுதி. சூடேறிய நிலத்தின் மேல் ஈரக்காற்று எழும்போது, வெவ்வேறு கரைகளிலிருந்து வீசும் கடற்காற்று ஒன்றையொன்று சந்தித்து அதை மேலும் உயர்த்துவதால், ஓரிரு மணி நேரத்திலேயே கருமேகம் திரண்டுவிடக்கூடும். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி செல்சியஸ் பதிவானதும் இந்தப் பருவத்தில்தான்.

ஆகவே, வெளியே கிளம்புமுன் நாள் முழுவதற்குமான முன்னுரைப்போடு நின்றுவிடாமல், சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் வட்டாரவாரியாக வெளியிடும் 2 மணி நேர முன்னுரைப்பையும் பாருங்கள். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் இதைத் தவறவிடவே கூடாது. மின்னலைக் கண்ட 30 விநாடிக்குள் இடி கேட்டால், அது ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் நெருங்கிவிட்டது என்று பொருள். மழைத்துளி விழாவிட்டாலும் உடனே கடலிலிருந்தும் திடலிலிருந்தும் வெளியேறி, மரத்தடியில் ஒதுங்காமல், கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ சென்று, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். மழை ஓய்ந்ததுமே பிள்ளைகள் மீண்டும் ஓடத் துடிப்பார்கள். அந்த அரை மணி நேரம் முடியும்வரை அவர்களை விடாதீர்கள்.