பிட்ரேட்டைக் குறைக்கும் முன்: குரல் சுருக்கத்தில் நடக்கும் தவறுகள்

நண்பர் ஒருவர் தன் ஆச்சியைக் கதை சொல்லச் சொல்லி ஒரு மணி நேரம் பதிவு செய்தார். வந்த கோப்பு 635 எம்பி. அனுப்ப முடியாமல், அதை எம்பி3 ஆக்கி பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடி ஒலிக்குச் செலவிடும் பிட்டுகளின் அளவை, 16 கிலோபிட்டுக்கு இறக்கினார். கோப்பு 7 எம்பிக்கு வந்துவிட்டது. ஆச்சியின் குரலும் கிணற்றுக்குள் போய்விட்டது.

கோப்பு பெருத்ததற்கான காரணத்தை அவர் பார்க்கவே இல்லை. ஆச்சிக்கு ஒரு வாய், எதிரில் ஒரு மைக். ஆனால் பதிவானது இரண்டு தடங்கள் உள்ள ஸ்டீரியோவில், நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அத்தனை தடவை அளந்து எண்ணாக்குவது), மாதிரிக்கு 16 பிட். இதை ஒரே தடமாக, மோனோவாக்கினாலே பாதி குறையும். மாதிரிகளை நொடிக்கு 16,000 ஆக்கினால் 115 எம்பி. மாதிரிகளின் எண்ணிக்கையில் பாதி ஹெர்ட்ஸ் வரைதான் ஒலி பதிவாகும்; பேச்சுக்கு வேண்டியது ஏறக்குறைய எல்லாமே 8,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும் என்பதால் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பிறகு எம்பி3-க்குப் பதில் ஓபஸ் என்ற சுருக்க முறையில் 24 கிலோபிட் கொடுத்தால் 10.8 எம்பி. அவருடைய 7 எம்பியை விடக் கொஞ்சம்தான் அதிகம், குரல் முழுசாக இருக்கும்.

அதற்காக 8,000 மாதிரிகள் வரை இறங்கிவிடாதீர்கள். அது பழைய தொலைபேசியின் அளவு. 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். ‘ஸ’ என்ற ஒலியின் வலுவில் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. ஃபோனில் பெயரைச் சொல்லிவிட்டு “எஸ்ஸா, எஃப்பா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லாதவர் யார்?

அடுத்த தவறு, மின்விசிறி ஓடும்போதே பதிவு செய்வது. குரல் கோடெக் (குரலைச் சுருக்கி விரிக்கும் மென்பொருள்) உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால் இது ஏன் தவறு என்பது புரியும். முந்தைய சில மாதிரிகளை வைத்து அடுத்த மாதிரியை அது ஊகிக்கும். தொண்டையும் வாயும் அந்த நேரத்தில் எந்த வடிவத்தில் இருந்தன என்பதைச் சில எண்களாக்கி, ஊகத்தில் விடுபட்டதை மட்டும் கூடச் சேர்த்து அனுப்பும். இந்த ஊகத்தை வைத்து 1985-ல் ஒலியியல் ஆய்வாளர்கள் மான்ஃப்ரெட் ஷ்ரோடரும், கான்பூரில் பிறந்த பிஷ்ணு அட்டலும் வெளியிட்ட செல்ப் (CELP) முறைதான் இன்றைய செல்பேசிக் கோடெக்குகள் பலவற்றின் தாய். (அன்று ஒரு நொடிப் பேச்சைச் சுருக்க க்ரே-1 சூப்பர் கம்ப்யூட்டருக்கே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது.) விசிறிக் காற்றின் இரைச்சலை இப்படி ஊகிக்க முடியாது. குரலுக்குப் போக வேண்டிய பிட்டுகளை அது தின்றுவிடும். விசிறியை அணைத்துவிட்டு மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள்.

பதிவான பிறகு இரைச்சல் நீக்கியை முழு வேகத்தில் ஓட்டுவது இன்னொரு ஆபத்து. அது முதலில் கடிப்பது சொல்லின் மெல்லிய வாலை. தமிழில் சேதி முழுக்க வாலில்தானே இருக்கிறது! வந்தானா, வந்தாளா, வந்தாரா என்று தெரியாமல் போகும்.

கதைக்கு நடுவே ஆச்சி தாலாட்டு பாடினால்? செல்பேசியில் ஹோல்டில் போட்டதும் வரும் இசை தண்ணீருக்குள் வாசிப்பது போலக் கேட்கிறதல்லவா, பேச்சுக்கு மட்டுமான கோடெக்கில் பாட்டும் அதே கதிதான். 2012-ல் தரமாக்கப்பட்ட ஓபஸில் பேச்சுக்கு ஒன்று, இசைக்கு ஒன்று என இரண்டு முறைகள் உள்ளே இருப்பதால் ஓரளவு தாங்கும்.

கோப்பை விட்டு நேரடி அழைப்புக்கு வந்தால், பெரும்பாலானோர் சறுக்கும் இடம் பாக்கெட் ஹெடர், அதாவது குரல் துண்டைச் சுமக்கும் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒட்டும் முகவரிச் சீட்டு. இணைய அழைப்பில் ஒவ்வொரு பாக்கெட்டும் மூன்று இணைய நெறிமுறைகளுக்காக, ஐபி (பழைய ஐபிவி4) 20, யூடிபி 8, ஆர்டிபி 12 என 40 பைட் ஹெடரைச் சுமக்கிறது. ஒரு பாக்கெட்டில் போகும் பேச்சுத் துண்டு, அதாவது ஃபிரேம், வழக்கமான 20 மில்லிநொடி, குரல் 12 கிலோபிட் என்றால் உள்ளே இருக்கும் குரல் 30 பைட்தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதை! நொடிக்கு 50 பாக்கெட், மொத்தம் 28 கிலோபிட். குரலை 8 கிலோபிட்டாக நசுக்கினால் மொத்தம் 24-க்கு வரும். குரலைத் தொடாமல் ஃபிரேமை 40 மில்லிநொடி ஆக்கினால் 20-க்கே வந்துவிடும். சும்மா கிடைப்பதில்லை: 20 மில்லிநொடி தாமதம் கூடும், ஒரு பாக்கெட் தொலைந்தால் இரண்டு மடங்கு பேச்சு போகும். ஒரு பக்கத் தாமதம் மொத்தமாக 150 மில்லிநொடிக்குள் நிற்கும் வரை பேசுகிறவர்களுக்கு உறைக்காது.

இருவர் பேசும்போது ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த மௌனத்தை அனுப்பாமல் விடலாம், அதற்கு டிடிஎக்ஸ் என்று பெயர். ஆனால் மறுமுனையில் மெல்லிய இரைச்சலை உண்டாக்கித் தராமல் முழு நிசப்தம் ஆக்கினால் “ஹலோ, லைன்ல இருக்கீங்களா?” என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும்.

அப்புறம், சுருக்கியதையே மறுபடி சுருக்குவது. எம்பி3-ஐ ஓபஸாக்கி, அதை இன்னொரு செயலி வேறொன்றாக்கினால் ஒவ்வொரு படியிலும் பிழை சேரும். கடைசிக் கோப்பின் பிட்ரேட்டைக் கூட்டினாலும் போனது திரும்பாது. நண்பரிடம் நல்ல வேளையாக அந்த 635 எம்பி அழியாமல் இருந்தது. அதிலிருந்து மறுபடி செய்தோம். சரிபார்க்க அவர் தன் குரலை வைத்துப் பார்க்கலாம் என்றார். நான் ஆச்சி ஊர்ப் பெயர்களை வேகமாக அடுக்கும் இடத்தை எடுத்து, கதை தெரியாத பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து எழுதச் சொன்னேன். 16 கிலோபிட்டில் இரண்டு ஊர் தப்பாக வந்தது. 24-ல் எல்லாம் சரி.