எம்ஜிபி ரேடியேட்டர் கசிவு: வீட்டிலேயே ஈயம் வைத்து அடைப்பது எப்படி

என்னுடைய 1967 எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் கீழே ஒரு நாள் காலையில் உள்ளங்கை அகலத்துக்கு நீல ஈரம் தெரிந்தது. மேல் ஹோஸ் மாட்டும் பித்தளைக் கழுத்து ரேடியேட்டரின் மேல்தொட்டியோடு சேரும் இடத்தில் கால் சுற்றுக்கு விரிசல். எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்த யாரோ அதன்மேல் எபாக்ஸி பசையை அப்பி, கறுப்பு பெயின்ட்டும் அடித்திருந்தார்கள். அந்தப் பசை விட்டுப்போனதால்தான் கசிவு.

புது ரேடியேட்டர் இங்கே இங்கிலாந்தில் சுலபமாகக் கிடைக்கிறது. ஆனால் என்னுடையதில் குழாய்களும் தகடுகளும் நன்றாக இருந்தன. ஒரே ஒரு இணைப்புக்காக வண்டியோடு பிறந்த ரேடியேட்டரைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. மூன்று வார இறுதிகள் போயின. இதைப் படித்துவிட்டுச் செய்தால் உங்களுக்கு ஒன்று போதும்.

இந்த முறை செம்பு, பித்தளை ரேடியேட்டருக்கு மட்டும். ஓரத்தில் கொஞ்சம் பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள், மஞ்சளாக இருந்தால் தொடரலாம். வெள்ளையாக அலுமினியம் தெரிந்தால் இந்த வேலை அதற்கு ஆகாது.

முதலில் கசிவு எங்கே என்று பாருங்கள்

ஹோஸ் கிளிப், வாட்டர் பம்ப், ஹீட்டர் வால்வு ஆகிய மூன்றும் ரேடியேட்டர் மாதிரியே ஏமாற்றும். எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு, ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு, அழுத்தமானி உள்ள கை பம்பான டெஸ்டரால் காற்றடித்துக் காத்திருங்கள். என் மூடியில் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) என்று இருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 115 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது என்பது அதனால்தான். திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், உள்ளே இருப்பது அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும்.

கழற்றுவது

பழைய கூலன்ட்டை அகலமான தட்டில் பிடித்து உடனே மூடி வையுங்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் இனிப்பாக இருக்கும். பூனையும் நாயும் நக்கிவிடும், கொஞ்சம் போனாலும் உயிருக்கே ஆபத்து. பிறகு இரண்டு ஹோஸ், சாய்ந்து நிற்கும் தாங்கு கம்பிகள், இருபக்கப் போல்ட்டுகள், அவ்வளவுதான். எல்லாம் அங்குல அளவு. அரை அங்குல ஸ்பானர் வேண்டிய இடத்தில் 13 மில்லிமீட்டரைப் போட்டால் போல்ட் தலை மழுங்கிவிடும். ரேடியேட்டரைத் தூக்கும் முன் அதற்கும் ஃபேனுக்கும் நடுவே ஓர் அட்டையைச் செருகுங்கள். இல்லாவிட்டால் ஃபேன் இறக்கை தகடுகளைக் கீறிவிடும்.

சுத்தம் செய்வது: நான் மாட்டிக்கொண்ட இடம்

முதல் வார இறுதியில் பெயின்ட்டைச் சுரண்டினேன், கம்பி பிரஷால் தேய்த்தேன், உலோகத்தில் ஈயம் பிடிக்க உதவும் ஃபிளக்ஸைத் தடவி, சூடாக்கி, சால்டரை (உருக்கி ஒட்டும் உலோகக் கலவை, நான் ஈயம் என்று சொல்வது இதைத்தான்) வைத்தேன். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி அது உருண்டையாகத் திரண்டு கீழே விழுந்தது. சூடு போதவில்லை என்று நினைத்து இன்னும் சூடாக்கினேன். உருண்டைகள் பெரிதானதுதான் மிச்சம், ஃபிளக்ஸ் கருகிக் கறுப்பாகிப்போனது. அடுத்த வாரமும் இதே கதை.

அப்போதுதான் சின்ன வயதில் கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கு வரும் ஈயம் பூசுகிறவர் ஞாபகத்துக்கு வந்தார். பித்தளை அடுக்கை அவர் தேய்க்கிற தேய்ப்பில் பாதி நேரம் போய்விடும். அடுப்புக்கு வருவது அதற்குப் பிறகுதான். சூடேறியதும் நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தை ஒரு இழுப்பு இழுத்து, பஞ்சால் ஒரே சுற்று. கறுத்த உட்புறம் முழுவதும் வெள்ளிபோல் பளிச்சென்று ஆகிவிடும். அவர் தேய்த்த அளவில் நான் பத்தில் ஒரு பங்குகூடத் தேய்த்திருக்கவில்லை. வெறும் உலோகத்தில்தான் ஈயம் பிடிக்கும். எண்ணெய், பசை, பெயின்ட், பழைய வெள்ளைப் பொடி, இவற்றில் எது மெல்லிய படலமாக இருந்தாலும் பிடிக்காது.

மூன்றாவது வாரம் நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். எபாக்ஸியை லேசாகச் சூடாக்கினால் இளகும், அப்போது மழுங்கிய கத்தியால் பிய்த்தெடுக்கலாம். இதை வெளியில் வைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. அடுத்து, விரிசலைச் சுற்றி இருக்கும் பழைய சால்டரை உருக்கி, ஈரப் பருத்தித் துணியால் ஒரே வீச்சில் துடைத்தெடுங்கள். பழையதின் மேலேயே புதியதை வைத்தால் அடியில் இருக்கும் துரு அப்படியே தங்கிவிடும். பிறகு எமரி காகிதத்தை நனைத்துத் தேய்க்க வேண்டும். காரீயத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது என்பதால்தான் நனைப்பது. விரிசலின் இருபுறமும் ஓர் அங்குலத்துக்குப் பித்தளை புதுக் காசு மாதிரி மின்ன வேண்டும். கடைசியாக அசிட்டோன் துடைப்பு. அது முழுதாகக் காய்ந்து, பாட்டிலும் அறையை விட்டுப் போன பிறகுதான் நெருப்பு. இதற்குப் பிறகு விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் போதும், அந்த ரேகை விழுந்த இடத்தில் மட்டும் ஈயம் பிடிக்காமல் நிற்கும்.

ஈயம் வைப்பது

எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கான 60 வாட் சால்டரிங் அயர்ன் இதற்கு உதவாது. பித்தளைத் தொட்டி அதன் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். கேஸ் டார்ச்சில் காய்ச்சும் கனமான செம்பு அயர்ன்தான் என் தேர்வு. நேரடி ஜுவாலை வேகமாக வேலை செய்யும். ஆனால் புதிதாகச் செய்கிறவர் கையில் பக்கத்து இணைப்பும் சேர்ந்து உருகிவிடும்.

சால்டர் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம் கலந்தது. 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190-க்குள் முழுதாக உருகிவிடும். காரீயம் அதிகம் கலந்த பழைய இணைப்புகள் முழுதாக உருக இன்னும் சூடு வேண்டும், அந்த இடைவெளிதான் நமக்குப் பாதுகாப்பு. குழாய்க் கடையில் கிடைப்பது பெரும்பாலும் காரீயம் இல்லாத வகை. வெள்ளீயமும் செம்பும் கலந்த அந்த வகை உருக 227 டிகிரி ஆகும். கேட்டு வாங்குங்கள்.

பக்கத்து இணைப்புகளின் மேல் ஈரத் துணியைச் சுற்றி வையுங்கள். துத்தநாகக் குளோரைடு ஃபிளக்ஸைத் தடவி, அயர்னைக் கழுத்தின் பக்கம் வையுங்கள், ஏனென்றால் தொட்டியைவிட அதுதான் தடிமன். சால்டரை அயர்னில் தொடாமல் உலோகத்தில் தொட்டுப் பாருங்கள். உருகவில்லையா, இன்னும் பொறுங்கள். சரியான சூடு வந்ததும் அது உருண்டையாக நிற்காது, தண்ணீர்போல் ஓடி விரிசலுக்குள் தானாகவே இழுபடும். அந்தக் கணம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். முதலில் இருபுறமும் மெல்லிசாக ஈயம் பூசிக்கொண்டு, அப்புறம் விரிசலை நிரப்புங்கள். ஆறும்போது பளபளப்பு மங்கும், அதுவரை ரேடியேட்டரை அசைக்கக் கூடாது.

*பின்சேர்க்கை:* சுத்தமாகத் தேய்த்தும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கொப்புளம் வெடித்து ஓட்டை விழுவதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். விசாரித்தால், ரேடியேட்டரை அன்று காலையில்தான் வண்டியிலிருந்து இறக்கியிருக்கிறார், மூடியும் போட்டே இருந்திருக்கிறது. உள்ளே தங்கிய தண்ணீர் ஆவியாகி, உருகிய ஈயத்தைத் துளைத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்துக் காயவிடுங்கள். ஈயம் வைக்கும்போது எல்லா வாயும் திறந்திருக்கட்டும். இதை முதலிலேயே எழுதாமல் விட்டது என் தவறு.

சோதனை

ஃபிளக்ஸ் அமிலம், விட்டுவைத்தால் பித்தளையை அரிக்கும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவுங்கள். பிறகு ஹோஸ் வாய்களை அடைத்து, சைக்கிள் பம்பால் மூடியின் அழுத்தம் வரை மட்டும் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்குங்கள். கம்ப்ரஸர் வேண்டாம், ஒரு நொடி கூடுதலாக அடித்தாலும் மேல்தொட்டி பிதுங்கிவிடும். எனக்கு விரிசல் அடைந்திருந்தது. ஆனால் அதிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, கடுகைவிடச் சின்னக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மறுபடி காயவைத்து, தேய்த்து, ஒரு சொட்டு. நின்றுவிட்டது.

கறுப்பு பெயின்ட் மெல்லிசாக ஒரு பூச்சு போதும். தடிமனாக அடித்தால் சூடு வெளியே போவது தடைப்படும்.

மாட்டி நிரப்புவது

கூலன்ட் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பழைய பாணி நீல எத்திலீன் கிளைக்கால், பாதிக்குப் பாதி வாலைவடி நீர். நீண்ட காலம் உழைக்கும் என்று விற்கிற ஆரஞ்சு, இளஞ்சிவப்பு வகைகளைக் காரீய இணைப்பு உள்ள ரேடியேட்டரில் நான் ஊற்றமாட்டேன். மொத்தம் ஏறக்குறைய ஐந்தரை லிட்டர் பிடிக்கும். ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக ஊற்றுங்கள், அவசரப்பட்டால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். எஞ்சினை ஓடவிட்டு மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் 82 டிகிரி தெர்மோஸ்டாட் திறந்ததும் அது சட்டென்று சூடாகும். நிறுத்தி, முழுதாக ஆறவிட்டு, குறைந்ததை ஊற்றுங்கள்.

*இன்னொரு பின்சேர்க்கை:* பழைய பெட்ரோல் அம்பாசடர் வைத்திருக்கும் ஒருவர் இது தனக்கும் பொருந்துமா என்று கேட்டார். அவருடைய 1489 சிசி எஞ்சின், எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினுக்கு உடன்பிறப்பு. இரண்டும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-சீரிஸ் எஞ்சின்கள். ரேடியேட்டரைக் கழற்றும் விதம் மாறும். தொட்டி பித்தளையாக இருந்தால் ஈயம் வைக்கும் வேலை இதேதான்.

முதல் இருபது மைல் ஓட்டிவிட்டு வந்து, வண்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்து வைத்தேன். காலையில் தாள் காய்ந்திருந்தது, ஒரு மூலையில் மட்டும் எண்ணெய்ப் பொட்டு. அது ரேடியேட்டருக்குச் சம்பந்தமில்லாத வேறு வேலை. நீங்களும் நூறு மைல் கழித்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ஹோஸ் கிளிப்புகளை இன்னொருமுறை இறுக்கிவிடுங்கள்.