திரும்பத் திரும்ப வரும் சொல்: ஃபேண்டசி வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த முறை உர்சுலா லெ குவினின் 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ', 1968இல் வந்த நாவல். புதிதாகச் சேர்ந்தவர்களின் ஓரக்குறிப்புகளைப் பார்த்தேன். என் பழைய பிரதியில் இருக்கும் அதே கிறுக்கல்கள்! நிதானமாகப் படி, அகராதியைப் பார் என்பதையெல்லாம் எல்லாரும் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன். திரும்பத் திரும்ப வரும் சொல்லைக் குறித்துக்கொண்டு போகும்போது நேரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முதல் இடத்திலேயே பொருளைப் பூட்டிவிடுவது

இந்த நாவலில் 'நிழல்' என்ற சொல் கண்ணில் படாமல் போகாது. ஒரு சிறுமி சீண்டிவிட்டதால் கெட் என்ற பையன், குரு ஓகியன் இல்லாத நேரம் பார்த்து அவருடைய மந்திர நூலைத் திறக்கிறான். தேடியது உருமாறும் மந்திரம். கண் போய் நின்றது இறந்தவர்களை அழைக்கும் பக்கத்தில். நிமிர்ந்தால், கதவருகே இருட்டைவிடக் கருப்பாக ஏதோ பதுங்கியிருக்கிறது. இங்கே பாதிப் பேர் ஓரத்தில் எழுதுவது: "நிழல் = தீமை". அதற்குப் பிறகு எத்தனை பக்கம் புரட்டினாலும் அந்தச் சமன்பாட்டுக்குச் சாட்சி சேர்ப்பதுதான் வேலை.

எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். அதே காட்சி முடிவதற்குள் ஓகியன் வேறொன்று கேட்டுவிடுகிறார்: ஒளியை நிழல் சூழ்ந்திருப்பதுபோல ஆற்றலை ஆபத்து சூழ்ந்திருக்கும் என்று நீ நினைத்ததே இல்லையா? பிறகு ரோக் தீவின் மந்திரப் பள்ளியில், கூழாங்கல்லை வைரமாகக் காட்டும் ஆசிரியர், மெழுகுவர்த்தி ஏற்றினாலே ஒரு நிழல் விழத்தான் செய்யும் என்கிறார். இரண்டு இடத்திலும் நிழல் வெளியிலிருந்து வந்த எதிரி இல்லை, ஒளியோடு கூடவே இருப்பது. 'தீமை' என்று எழுதி வைத்தவர் இந்த வரிகளை "அருமையான வாசகம்" என்று அடிக்கோடிட்டுத் தாண்டிப் போய்விடுகிறார்.

இதற்கான விலை கடைசியில்தான் தெரியும். (முடிவைச் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் அடுத்த தலைப்புக்குப் போய்விடுங்கள்.) தன்னைத் துரத்திய நிழலைக் கெட் இப்போது கடலின் கோடிவரை துரத்திப் போகிறான். போய், தன் சொந்தப் பெயராலேயே அதை அழைக்கிறான். அதே கணம் அதுவும் அதே பெயரைச் சொல்கிறது. அவன் தோற்கவுமில்லை, ஜெயிக்கவுமில்லை, முழு மனிதனானான் என்கிறது நாவல். "என்னங்க, கிளைமாக்ஸில் சண்டையே இல்லை, சப்பென்று முடிஞ்சிருச்சு" என்றார் எங்கள் வட்டத்தில் ஒருவர். அவருடைய பிரதியை வாங்கிப் பார்த்தேன். நினைத்ததுபோலவே அந்தச் சமன்பாடு, இரட்டைக் கோடு போட்டு.

ஓரத்தில் பொருளை எழுதவே வேண்டாம். யார் சொன்னது, பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது, அவ்வளவு போதும். கதவருகே 'இருட்டு', ஓகியனிடம் 'ஆற்றல்', பள்ளியில் 'மெழுகுவர்த்தி', கடைசியில் 'பெயர்'. இப்படி வரிசையாக எழுதி வைத்திருந்தால் சொல் நகர்ந்துகொண்டே வந்தது கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

எண்ணிக்கையை நம்புவது

மின்னூலில் தேடினால் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்று நொடியில் வந்துவிடும். ஏன் என்று வராது.

ஊர்ப் பெயர், தீவுப் பெயருக்கெல்லாம் வட்டம் போடுவது

வேண்டாம். அதற்குத்தான் முன்பக்கத்தில் வரைபடம் இருக்கிறது.

சொன்னவரை மறந்துவிடுவது

இந்தக் கதையில் ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தால் அதை அடக்கிவிடலாம். அந்த நிழலுக்குப் பெயர் உண்டா? பள்ளியின் தலைமை மந்திரவாதி கென்ஷர், இத்தகைய தீய சக்திகளுக்குப் பெயரே கிடையாது என்கிறார். பெண்டோர் தீவின் டிராகன், பெயரைச் சொல்கிறேன் என்று பேரம் பேசுகிறது. கெட் அதை உதறிவிட்டுத் தீவு மக்களின் பாதுகாப்பைக் கேட்டு வாங்குகிறான். ஓகியனோ எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு என்கிறார். அவர் சொன்ன உறுதியைப் பார்த்து, கென்ஷர் சொன்னதைத் திருப்பிச் சொல்லக்கூடக் கெட்டுக்குத் தைரியம் வரவில்லை. 'பெயர்' என்ற சொல்லுக்கு மட்டும் வட்டம் போட்டால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒருவர் படித்ததைச் சொல்கிறார், ஒன்று ஆசை காட்டுகிறது, ஒருவர் நம்புகிறார். அடுத்த கூட்டத்துக்கு வருபவர்கள் இந்த மூன்று இடங்களையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு வாருங்கள், அங்கிருந்து பேசலாம்.