கிளினிக்கில் 'டயர்ட்' மட்டும் போதாது: களைப்பைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுபவரும் மில்லில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவரும் கிளினிக்கில் சொல்வது ஒரே சொல்: 'டயர்ட்'. டாக்டருக்கு அது போதாது. இப்படிப் பிரித்துச் சொல்லிப் பழகுங்கள்.

முதலில், தூக்கமா களைப்பா என்று பாருங்கள். படுத்தால் தூங்கிவிடுவோம் என்றால் 'ஸ்லீப்பி'. மருந்தாலோ காய்ச்சலாலோ கண் தானாகச் செருகினால் 'டிரவ்ஸி'. மருந்துப் பையில் மலாயில் 'மெங்கான்டுக்' என்று இருப்பதும் இதுதான். குளோர்ஃபெனிரமின் போன்ற சளி, அரிப்பு மாத்திரைகள் இப்படிச் செய்யும். அதைப் போட்டுக்கொண்டு மோட்டார் ஓட்டாதீர்கள், வெட்டுக் கத்தியையும் தொடாதீர்கள்.

அடுத்தது அளவு. சாதாரண அசதிக்கு 'டயர்ட்'. துளித் தெம்பும் மிச்சமில்லை என்றால் 'எக்ஸாஸ்டட்'. அதிலேயே 'முழுக்க' என்ற பொருள் இருப்பதால் முன்னால் 'வெரி' போடாமல் 'கம்ப்ளீட்லி' போடுங்கள். வேலைதான் 'எக்ஸாஸ்டிங்', ஆள் 'எக்ஸாஸ்டட்'. 'ஐ எம் எக்ஸாஸ்டிங்' என்றால் நம்மோடு இருப்பவர்களுக்குத்தான் களைப்பு.

அதிகம் தவறுவது பின்னால் வரும் சின்னச் சொல்லில். 'டயர்ட் ஃப்ரம் வொர்க்' என்றால் வேலை செய்ததால் வந்த அசதி. 'டயர்ட் ஆஃப் வொர்க்' என்றால் வேலையே அலுத்துவிட்டது. லீவு கடிதத்தில் இரண்டாவதை எழுதினால், மேனேஜர் உங்களுக்கு வேலையே பிடிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

'வியரி' என்றாலும் களைப்புதான். அது கதை படிக்கும்போது வரும், பேச்சுக்கு அவசியமில்லை.

ஓய்வெடுத்தும் தீராத சோர்வை டாக்டர் 'ஃபடீக்' என்று எழுதுவார். கடைசி எழுத்துகள் ஒலிக்காது. 'ஃபட்டிகியூ' என்று படிக்காதீர்கள். இரத்தசோகை, இனிப்புநீர், தைராய்டு எதுவும் காரணமாகலாம். நீங்கள் 'ஆல்வேஸ் டயர்ட், ஈவன் ஆஃப்டர் ஸ்லீப்' என்று சொல்லி, எத்தனை வாரமாக என்பதையும் சேர்த்தால் போதும். என்ன இரத்தச் சோதனை எடுப்பது என்று அவர் முடிவு செய்வார்.

'வீக்' இவற்றோடு சேராது. தசையில் பலமில்லை, பிடித்த சாமான் கையிலிருந்து நழுவுகிறது என்றால்தான் 'வீக்'. அசதியை 'வீக்' என்றால் டாக்டர் நரம்புக் கோளாறு தேடுவார். கை தூக்க முடியாததை 'டயர்ட்' என்றால் ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிடக்கூடும். திடீரென ஒரு பக்கக் கைகால் விழுந்தாலோ வாய் கோணினாலோ கிளினிக் வரிசையில் நிற்காதீர்கள். 999-ஐ அழைத்து 'சடன் வீக்னஸ், ஒன் சைட்' என்று சொல்லி, தொடங்கிய நேரத்தையும் சொல்லுங்கள்.