மகளிர் ரெஸ்லிங் சாம்பியன்களை ஒப்பிடுவது எப்படி? ரியா, இயோ, டோனி மூவரை வைத்து ஒரு செய்முறை

மகளிர் ரெஸ்லிங்கில் யார் பெரிய சாம்பியன் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் நாள் கணக்கைத்தான் எடுத்து நீட்டுவார்கள். இவர் 400 நாள் பெல்ட் வைத்திருந்தார், அவர் 250 நாள்தான், ஆகவே இவர்தான் பெரியவர் என்று முடித்துவிடுவார்கள். சின்ன வயதில் ரெஸ்லிங் டிரம்ப் கார்டு விளையாடியவர்களுக்கு இந்தப் பழக்கம் சுலபமாக வரும், எந்தக் கார்டில் எண் பெரிதோ அந்தக் கார்டு ஜெயிக்கும். ஆனால் சாம்பியன்களை அப்படி அளந்தால் முக்கியமானது எல்லாம் கையை விட்டுப் போய்விடும். புதிதாகப் பார்க்க ஆரம்பித்தவர்களுக்காக, நான் ஒப்பிடும் முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே பேசிவிடலாம். இதில் யார் ஜெயிப்பார் என்பது முன்கூட்டியே முடிவானது. அப்படியானால் ஒப்பிட என்ன இருக்கிறது என்று உங்கள் அண்ணனோ நண்பரோ கேட்பார். நிறையவே இருக்கிறது. பெல்ட்டை யார் கையில் கொடுப்பது என்பதுதான் கம்பெனியின் முடிவு. வாங்கியவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார், எதிரே நின்றவரை எவ்வளவு பெரிதாகக் காட்டினார், கூட்டத்தை எப்படிப் பிடித்து வைத்திருந்தார் என்பதெல்லாம் அவர் திறமை. நாம் அளக்கப்போவது அதைத்தான், யாருக்குப் பலம் அதிகம் என்பதை அல்ல.

படி 1: ஒரு தேதியில் நிறுத்துங்கள்

சாம்பியன்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அதனால் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு அன்றைக்கு யார் கையில் பெல்ட் இருந்ததோ அவர்களை மட்டும் எடுங்கள். உதாரணத்துக்கு நான் எடுப்பது 2024 மார்ச் 31, டபிள்யூடபிள்யூஇ கம்பெனியின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவுக்கு முந்தைய வாரம். டபிள்யூடபிள்யூஇக்கு ரா, ஸ்மாக்டவுன் என்று இரண்டு வாராந்திர டிவி நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றுக்கும் தனி பெல்ட். அன்று ரா பக்கம் ரியா ரிப்ளி, ஸ்மாக்டவுன் பக்கம் இயோ ஸ்கை, போட்டிக் கம்பெனியான ஏஇடபிள்யூவில் டோனி ஸ்டார்ம். மூவரும் மூன்று விதமான ஆட்டக்காரர்கள், பழகுவதற்கு இதைவிட நல்ல தொகுதி கிடைக்காது.

படி 2: எந்த பெல்ட் என்று சரிபாருங்கள்

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். ரியா 2023 ஏப்ரல் 1-ஆம் தேதி சார்லட் ஃப்ளேரிடம் ஜெயித்தபோது அதன் பெயர் ஸ்மாக்டவுன் விமன்ஸ் சாம்பியன்ஷிப். அப்புறம் ஆட்டக்காரர்களை இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிராஃப்டில் ரியா ராவுக்கும், ரா சாம்பியனாக இருந்த பியாங்கா பெலேர் ஸ்மாக்டவுனுக்கும் போய்விட்டார்கள். பெயர் ஒன்று, நிகழ்ச்சி இன்னொன்று என்று ஆனதால் 2023 ஜூனில் இரண்டு பெல்ட்டுக்கும் புதுப் பெயர், புது வடிவம் வந்தது. ரியா வைத்திருந்தது விமன்ஸ் வேர்ல்ட் சாம்பியன்ஷிப் ஆனது. பழைய ரா பெல்ட் டபிள்யூடபிள்யூஇ விமன்ஸ் சாம்பியன்ஷிப் ஆனது, இயோ ஜெயித்தது அதைத்தான். பெயர் மாறினாலும் பெல்ட்டின் வரலாறு அறுபடவில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் பழைய பட்டியலைப் பார்த்தால் ஒரே பெல்ட்டை இரண்டாக எண்ணிவிடுவீர்கள்.

படி 3: நாள் கணக்கை எழுதுங்கள், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள்

மார்ச் 31 அன்று ரியா 365 நாள், இயோ 239 நாள், டோனி 134 நாள். எழுதியாயிற்று, போதும்.

ஏன் போதும் என்கிறேன் என்றால், இந்தத் துறையின் மிகப் பெரிய நாள் கணக்கே ஆட்டம் காண்கிற கணக்கு. ஃபேபுலஸ் மூலா 1956-இல் சாம்பியனாகி, 1984 ஜூலையில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வெண்டி ரிக்டரிடம் தோற்கும்வரை 27 வருஷத்துக்கு மேல் ஒரே ஓட்டமாக பெல்ட் வைத்திருந்ததாக டபிள்யூடபிள்யூஇயின் அதிகாரபூர்வப் பட்டியல் சொல்கிறது. ஆனால் நடுவில் 1966, 1968 என்று சில தடவை அவர் வேறு பெண்களிடம் தோற்று, பிறகு திரும்பப் பிடித்திருக்கிறார். அந்தத் தோல்விகளைப் பட்டியல் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. மூலாவைத் தோற்கடித்த அந்தப் பெண்களின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு இது உண்மையிலேயே ஆறாத வருத்தம்.

படி 4: பெல்ட் எப்படிக் கைக்கு வந்தது?

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். ஒரு சாம்பியனின் முழுக் கதைக்கும் அடித்தளம் இதுதான்.

ரியாவின் வழி நீண்டது. 2020 ரெஸில்மேனியாவில், கொரோனா காலத்தில், ஆளே இல்லாத அரங்கில் சார்லட்டிடம், டபிள்யூடபிள்யூஇயின் இன்னொரு பிரிவான என்எக்ஸ்டியின் பெல்ட்டைப் பறிகொடுத்தார். மூன்று வருஷம் கழித்து, 30 பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து மோதும் 2023 ராயல் ரம்பிளில் முதல் ஆளாக ரிங்குக்குள் வந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, கடைசி ஆளாக நின்று ஜெயித்தார். அந்த வெற்றியால் கிடைத்த, ரெஸில்மேனியாவில் பெல்ட்டுக்காக மோதும் வாய்ப்பில் அவர் தேர்ந்தெடுத்தது அதே சார்லட்டை. கலிஃபோர்னியாவின் சோஃபை ஸ்டேடியத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இருவரும் ஒருவரை ஒருவர் பிழிந்தெடுத்தார்கள். முடிவில் மூலைக் கயிற்றின் மேலிருந்து சார்லட்டைத் தூக்கி, தன் முத்திரை அடியான ரிப்டைட் அடித்து, மூன்று எண்ணும்வரை அமுக்கினார். வெளியிலிருந்து யாரும் உள்ளே வரவில்லை, ஆயுதம் இல்லை. ரசிகர்கள் இதைத்தான் கிளீன் வின் என்பார்கள்.

இயோவின் வழி குறுக்கு வழி, ஆனால் ரசித்துப் பார்க்க வேண்டிய குறுக்கு வழி. 2023 ஜூலை 1, லண்டனில் மனி இன் தி பேங்க் ஏணி மேட்ச். மேலே தொங்கும் பெட்டியை எடுப்பவர், தான் நினைத்த நேரத்தில் சாம்பியனோடு பெல்ட்டுக்காக மோதலாம். பெக்கி லிஞ்சும் பெய்லியும் ஏணியில் ஆளுக்கொரு பக்கம் இருக்க, இயோ இருவர் கையையும் ஏணிக்கு நடுவே கைவிலங்கால் பூட்டிவிட்டு, மேலே ஏறிப் பெட்டியை எடுத்துவிட்டார். பெய்லி அவருடைய சொந்த அணிக்காரர் என்பதை மறக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும். அடுத்த மாதம் டெட்ராய்ட்டில் சம்மர்ஸ்லாம். பியாங்கா, காலில் அடிபட்ட நிலையில், சார்லட்டையும் அசூகாவையும் தாண்டி அப்போதுதான் பெல்ட்டை ஜெயித்து நிற்கிறார். இயோ ஓடி வந்து பெட்டியை ரெஃப்ரியிடம் நீட்டி, கயிற்றின் மேலிருந்து பின்னால் புரண்டு எதிராளி மேல் விழும் மூன்சால்ட் அடித்து பெல்ட்டோடு போய்விட்டார்.

டோனி 2023 நவம்பர் 18 அன்று ஏஇடபிள்யூவின் ஃபுல் கியர் நிகழ்ச்சியில் ஹிகாரு ஷிடாவிடம் ஜெயித்து மூன்றாவது முறையாகச் சாம்பியன் ஆனார். அதற்குள் அவர் பழைய ஹாலிவுட் நடிகை போல மாறியிருந்தார். அவர் வந்தால் திரை கருப்பு வெள்ளையாகும், பக்கத்தில் லூதர் என்ற பட்லர் நிற்பார். முதல் இரண்டு முறை பெல்ட் கிடைத்தபோது கிடைக்காத கவனம் இந்த வேஷத்துக்குக் கிடைத்தது.

படி 5: யாரிடமிருந்து காப்பாற்றினார், எப்படி ஜெயித்தார்?

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: எதிராளி யார், எந்த நிகழ்ச்சி, முடிவு எப்படி வந்தது. மூன்றாவதுதான் முக்கியம்.

ரியாவின் பட்டியலில் ஸெலீனா வேகா, நட்டாலியா, ராக்கெல் ரோட்ரிகஸ், ஸோயி ஸ்டார்க், நியா ஜாக்ஸ் இருக்கிறார்கள். நட்டாலியாவை இரண்டு தடவை பாருங்கள். 2023 மே மாதம் ஜெத்தாவில், ரியாவின் கூட்டாளி டொமினிக் மிஸ்டீரியோ நட்டாலியாவின் கவனத்தைத் திருப்ப, ஒன்றரை நிமிடம்கூட ஆகாமல் மேட்ச் முடிந்தது. அதே வருஷம் செப்டம்பர் 8 அன்று ஹைதராபாத் கச்சிபௌலி அரங்கில் அதே இருவரும் அதே பெல்ட்டுக்காக மோதினார்கள். டிவியில் வாராவாரம் வரும் நிகழ்ச்சிகளோடு நின்றுவிட்டால் ஹைதராபாத் மாதிரியான மேட்சுகள் உங்கள் நோட்டில் ஏறவே ஏறாது. டிவியில் பெல்ட்டை அடிக்கடி பணயம் வைக்கவில்லை என்பது ரியா மேல் ரசிகர்கள் சொன்ன குறை, அதில் நியாயம் இருக்கிறது.

இயோ ஃபாஸ்ட்லேன் நிகழ்ச்சியில் அசூகா, சார்லட் இருவரையும் ஒரே மேட்சில் சமாளித்தார். கிரவுன் ஜுவலில் பியாங்காவிடம் பெல்ட்டைக் காப்பாற்றினார், ஆனால் அன்று ஜப்பானிய ரெஸ்லர் கைரி சேன் கம்பெனிக்குத் திரும்பி வந்து உதவியதால்தான் அது நடந்தது. எதிராளிகளின் தரத்தைப் பார்த்தால் இயோவின் பட்டியல் ரியாவுடையதைவிடக் கனமானது. முடிவு வந்த விதத்தைப் பார்த்தால் பெரும்பாலும் அணிக்காரர்களின் நிழல் விழுந்திருக்கும். டோனி வேர்ல்ட்ஸ் எண்டில் ரிஹோவையும், ரெவல்யூஷனில் டியோனா புராஸ்ஸோவையும் ஜெயித்தார்.

ஒரு எச்சரிக்கை. உதவியோடு ஜெயித்தார் என்பதற்காக உடனே மார்க் குறைக்காதீர்கள். வில்லியாக இருக்கும் சாம்பியன் அப்படித்தான் ஜெயிக்க வேண்டும், அது அவர் வேலை. அவர் எப்போது தோற்பார் என்று கூட்டம் ஏங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

படி 6: ஆளுக்கு ஒரு மேட்ச், முழுதாக

ஹைலைட்ஸ் வேண்டாம். ரியாவுக்கு சார்லட் மேட்ச், இயோவுக்கு கிரவுன் ஜுவலில் நடந்த பியாங்கா மேட்ச், டோனிக்கு டியோனா மேட்ச் எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கும்போது அவர்களைப் பார்ப்பதை விடுங்கள், அடி வாங்கும்போது பாருங்கள். கால் வலிக்கிறது என்று காட்டியவர் ஐந்து நிமிடம் கழித்தும் அந்தக் காலை ஜாக்கிரதையாக ஊன்றுகிறாரா? இயோ ரிங்குக்கு முதுகைக் காட்டிக் கயிற்றின் உச்சியில் நிற்கும் அந்த ஒரு நொடியில் கூட்டம் என்ன செய்கிறது என்று காதைக் கொடுங்கள். பின்னால் புரண்டு அவர் இறங்கும் சுத்தம் வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. ஜப்பானில் ஸ்டார்டம் கம்பெனியில் இயோ ஷிராய் என்ற பெயரில் சிவப்பு பெல்ட்டை வைத்திருந்த காலத்திலேயே அவர் அந்தத் தரத்தில் இருந்தார்.

படி 7: நிகழ்ச்சியில் எந்த இடம்?

கடைசி மேட்ச் யாருக்குக் கிடைக்கிறது என்பதில் கம்பெனியின் நம்பிக்கை தெரியும். 2024 பிப்ரவரி 24 அன்று ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் எலிமினேஷன் சேம்பர் நடந்தது. அந்த ஸ்டேடியத்தில் 50,000 பேருக்கு மேல் உட்கார்ந்திருக்க, கடைசி மேட்ச் அடிலெய்டுக்காரியான ரியாவுக்கும் நியா ஜாக்ஸுக்கும். மற்ற இருவருக்கும் அந்தத் தேதிவரை இந்த அளவு மேடை கிடைக்கவில்லை.

படி 8: தீர்ப்பை எழுதுங்கள், பென்சிலால்

மார்ச் 31 நிலவரப்படி என் வரிசை: ரியா, இயோ, டோனி. ரிங்குக்குள் நடக்கும் ஆட்டத்தை மட்டும் கேட்டால் இயோவைத்தான் முதலில் வைப்பேன். ஆனால் சார்லட்டை நேருக்கு நேர் ஜெயித்ததும், பெர்த் கூட்டமும் ரியாவை ஒரு படி மேலே தூக்கிவிடுகின்றன.

பென்சில் ஏன் என்றால், பெல்ட் கையை விட்டுப் போகும் விதமும் கணக்கில் சேரும். ரியா ஏப்ரல் 6 அன்று பெக்கி லிஞ்சை ஜெயித்தார், ஆனால் காயத்தால் ஏப்ரல் 15 அன்று, 380-ஆவது நாளில், பெல்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. அவரைத் தோற்கடித்து உயரும் வாய்ப்பு யாருக்கும் கிடைக்கவில்லை. இயோவின் முடிவு அழகானது. லண்டனில் கைவிலங்கு மாட்டப்பட்ட அதே பெய்லி, தன் முகத்துக்கு நேரேயே ஜப்பானிய மொழியில் தன்னைக் கேலி செய்த அணிக்காரர்களிடம் எல்லாம் எனக்குப் புரிந்தது என்று சொல்லிவிட்டு, ஏப்ரல் 7 அன்று ஃபிலடெல்ஃபியாவில் பெல்ட்டை எடுத்துக்கொண்டார்.

டோனியின் முடிவு இந்த இரண்டையும் தாண்டிவிட்டது. தன்னை ஆராதிக்கும் ரசிகையாக வந்து கூடவே ஒட்டிக்கொண்ட மரியா மே, பெல்ட்டுக்காக மோதும் வாய்ப்பைத் தரும் ஓவன் ஹார்ட் கோப்பையை ஜெயித்த இரவில் செருப்பைக் கழற்றி டோனியை ரத்தம் வர அடித்தார். ஆகஸ்ட் 25 அன்று வெம்ப்லி ஸ்டேடியத்தில் அந்த மரியாவிடமே டோனி தோற்றார், 281 நாளில். நாள் கணக்கில் ரியாவைவிடக் கிட்டத்தட்ட நூறு நாள் குறைவு. அந்த மேட்சுக்குப் பிறகு என் நோட்டில் டோனியின் பெயரை அழித்து முதலிடத்தில் எழுதினேன், ரியா இரண்டாவதுக்கு வந்தார். நீங்கள் மூன்று மேட்சுகளையும் பார்த்துவிட்டு உங்கள் வரிசையை எழுதுங்கள், என்னுடையதோடு ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.