உறைபனிக் காலத்தில் வீட்டைக் கதகதப்பாக்க முயல்பவர்கள் செய்யும் தவறுகள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் உதகையிலும் கொடைக்கானலிலும் உறைபனிக் காலம் தொடங்கிவிடுகிறது. மேகமில்லாத இரவில் தரையின் வெப்பம் தடையின்றி வெளியேறுவதால், 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கும் உதகையின் தாழ்வான புல்வெளிகள் விடியற்காலையில் வெள்ளை பூத்துக் கிடக்கும். இந்த ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கும் புதிய வீடுகள் பலவும் சமவெளிக்கு வரைந்த படத்தைப் பார்த்துக் கட்டியவை. அகலமான சன்னல்களும் டைல்ஸ் தரையும் மே மாதத்து மதுரைக்குப் பொருந்தும், சனவரி மாதத்து உதகைக்குப் பொருந்தா. நீலகிரியின் தோடர்கள் கட்டிய அரைப்பீப்பாய் வடிவக் குடிலில் வாசல் தவழ்ந்து நுழையும் அளவுக்கே இருப்பதன் நியாயம், இத்தகைய வீட்டில் ஒரு மாதம் தங்கினால் தானாகவே விளங்கும்.

குறைந்த செலவில் வீட்டை அழகுபடுத்த நினைப்பவர்கள் முதலில் தவறுவது இந்த இடத்தில்தான். கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி இருக்க, கையிலுள்ள பணத்தையெல்லாம் மெத்தை உறைக்கும் சுவர்ப் படத்துக்கும் செலவழித்துவிடுகிறார்கள். பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, அதில் மணலையோ துணிக் கிழிசலையோ அடைத்து இரு முனைகளையும் தைத்துக் கதவடியில் கிடத்தினால் காற்று நின்றுவிடும். மேலே நல்ல நிறத்தில் ஓர் உறை போட்டால் அதுவே அலங்காரமும் ஆகும்.

திரைச்சீலையில் நடக்கும் தவறு வேறு வகையானது. குளிருக்குப் பயந்து அதை நாள் முழுவதும் மூடி வைப்பவர்கள், செலவில்லாமல் வரும் வெயிலை வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள். மார்கழியில் சூரியன் தென்புறம் சாய்ந்தே செல்வதால் தெற்குச் சன்னல் வழியாக வெயில் அறைக்குள் நெடுந்தூரம் விழும். காலையில் திறந்து, பொழுது சாய்வதற்கு முன்பே மூடிவிட வேண்டும். சன்னலின் பாதியில் நின்றுவிடும் குட்டைத் திரையைவிட, பழைய போர்வையை உள்துணியாக வைத்துத் தைத்துத் தரை வரை தொங்கவிட்ட திரை எவ்வளவோ மேல்.

தரைக்குப் பவானி ஜமக்காளம் போன்ற தடித்த பருத்தி விரிப்பு போதும். விலை உயர்ந்த கார்ப்பெட் தேவையில்லை. ஆனால் குளிர்ந்த டைல்ஸ் மீது விரித்துவிட்டு மாதக்கணக்கில் தூக்கிப் பார்க்காமல் விட்டால் அடியில் ஈரம் கட்டி நாற்றம் எடுக்கும். அடியில் ஒரு தென்னைநார்ப் பாயைப் போட்டு, வாரம் ஒரு முறை இரண்டையும் வெயிலில் காயவைப்பது நல்லது. அலமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரோடு ஒட்டிப் போடுவதும் இதே காரணத்தால் தவறு. குளிர்ந்த சுவரில் உள்காற்றின் ஈரம் நீராகப் படிந்து, காற்றோட்டமில்லாத மறைவில் பூஞ்சணம் பிடிக்கிறது. நான்கு விரல் இடைவெளி விட்டால் போதும். பூஞ்சணம் பிடித்த சுவரின் மேலேயே புதுப் பெயிண்ட் அடிப்பவர்கள் அடுத்த பனிக்காலத்தில் மறுபடியும் அடிப்பார்கள்.

இனி, மற்றவற்றோடு சேர்த்து எண்ணக்கூடாத தவறு: கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் குளிர் காய்வது. கரியை வெளியே மூட்டி, புகை அடங்கித் தணலான பின் உள்ளே கொண்டுவந்தால் ஆபத்தில்லை என்று பலரும் உறுதியாக நம்புகிறார்கள். புகை அடங்கினாலும் கார்பன் மோனாக்சைடு அடங்குவதில்லை; சிவந்து கனலும் தணலிலிருந்தும் அது வந்துகொண்டே இருக்கும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைவதால், உறங்குபவருக்கு மூச்சுத் திணறும் உணர்வு கூட வராமல் உயிர் போகலாம். விழித்திருப்பவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் ஆகியவை தோன்றும். தோன்றிய உடனே எல்லோரும் வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். மேலே சொன்னபடி இடைவெளிகளை அடைத்த அறையில் இந்த ஆபத்து பன்மடங்காகும் என்பதால், அடைப்பதும் கரி மூட்டுவதும் ஒரே வீட்டில் சேரவே கூடாது. பழைய பங்களாக்களில் அழகுக்காக விட்டுவைத்த கணப்பிடங்களில் புகைபோக்கி மேலே அடைபட்டிருக்கக்கூடும். அதைச் சோதிக்காமல் விறகு மூட்டுவதும் இதில் அடங்கும்.

மின் ஹீட்டர் அந்த வகையில் பாதுகாப்பானது, ஆனால் செலவைக் கணக்கிடாமல் வாங்கிவிடுகிறார்கள். 2,000 வாட் ஹீட்டரைத் தினமும் மூன்று மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 360 யூனிட் கூடுதலாகும். கட்டணப் படிகள் ஏற ஏற ஒரு யூனிட்டின் விலையும் ஏறுகிறது. அந்த ஹீட்டர் 8 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் இழுக்கும் என்பதால் சாதாரண எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாமல், 16 ஆம்பியர் பிளக்கில்தான் இணைக்க வேண்டும். படுக்கையைச் சூடாக்க வெந்நீர்ப் பை ஒன்று போதும். அறை முழுவதையும் சூடாக்கத் தேவையில்லை.

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவில் 6,500 உள்ள வெள்ளை விளக்கு, எத்தனை கம்பளி விரித்தாலும் அறையை மருந்துக்கடை போலக் காட்டும். 2,700 கெல்வின் மஞ்சள் விளக்கை முகத்தின் உயரத்தில் வைத்தால் அறையின் தோற்றமே மாறிவிடும். திரைச்சீலைக்கு அருகில் மெழுகுவத்தி வேண்டாம்.

தோடர் எம்பிராய்டரிச் சால்வையை வாங்கிச் சுவரில் ஆணியடித்து மாட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகக் கைவேலை செய்த, 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தச் சால்வை, ஈரச் சுவரில் கறை படிந்து கெடும். அதை நாற்காலியின் முதுகில் போட்டுவைத்தால், மாலையில் உட்காருபவர் எடுத்துப் போர்த்திக்கொள்ளலாம்.