துகள் தண்ணீர் வெடித்துச் சிதறுகிறதா? முதலில் அடர்த்தியைப் பாருங்கள்

சொந்தமாக கேம் எழுதிப் பழகுபவர்கள் துகள்களை வைத்துத் தண்ணீர் செய்ய இறங்கினால் பெரும்பாலும் எஸ்.பி.எச். (SPH, பக்கத்துத் துகள்களின் அளவுகளைச் சராசரியாக்கித் திரவத்தைக் கணக்கிடும் வழி) முறையில்தான் தொடங்குவார்கள். 1977-இல் வானியல் கணக்குகளுக்காக உருவான முறை இது. 2003-இல் மியூலர் குழுவினர் இதை உடனுக்குடன் ஓடும் அளவுக்கு எளிமையாக்கினார்கள். அந்தச் சூத்திரங்களை அப்படியே கோடாக எழுதி ஓட்டினால் தொட்டியில் நிற்க வேண்டிய தண்ணீர் நாலாபுறமும் சிதறும், உடனே கை தானாக விறைப்பைக் (அமுக்கினால் எவ்வளவு பலமாக எதிர்த்துத் தள்ளும் என்ற எண்) குறைக்கும், பாகுத்தன்மையைக் கூட்டும். அதுதான் முதல் தவறு, ஏனென்றால் எண்களைத் திருகத் திருக உண்மையான பிழை உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.

விசைகளை எல்லாம் அணைத்துவிட்டு அடர்த்தியை மட்டும் சோதியுங்கள். 2டி-யில் துகள்களை 1 அலகு இடைவெளியில் சதுரமாக அடுக்கி, நிறை 1, கெர்னல் (தூரத்துக்கு ஏற்ப பக்கத்துத் துகளுக்கு எடை தரும் சார்பு) ஆரம் 2 என்று வையுங்கள். பாலி6 என்ற வகைக் கெர்னலில் நடுவில் உள்ள துகளுக்கு அடர்த்தி சுமார் 1.01 வர வேண்டும். 0.70 வந்தால் அந்தத் துகள் தன்னையே கணக்கில் சேர்க்கவில்லை என்று அர்த்தம். 0.62 வந்தால் 3டி-க்கான மாறிலியை 2டி-யில் போட்டிருக்கிறீர்கள் (இது ரொம்ப சகஜம், இணையத்தில் கிடைக்கும் மாறிலிகள் பெரும்பாலும் 3டி-க்கானவை).

அதே அடுக்கில் ஓரத் துகளுக்கு 0.80, மூலைத் துகளுக்கு 0.63 வரும். அங்கே பிழை எதுவும் இல்லை, பக்கத்தில் ஆள் குறைவு, அவ்வளவுதான். ஆனால் அழுத்தச் சூத்திரம் இயல்பு அடர்த்தியைவிட எவ்வளவு கூட, குறைய என்றுதான் பார்க்கும், அதனால் அதை எதிர்மறை அழுத்தமாகப் படித்து, ஓரத்தில் இருப்பவற்றை ஒன்றோடொன்று இழுத்துத் திட்டுத்திட்டாக ஒட்டவைத்துவிடும். எதிர்மறை அழுத்தத்தைப் பூஜ்யத்தில் நிறுத்தினாலே பாதித் தொல்லை தீரும். சுவரை ஒட்டித் துகள்கள் அப்பிக்கொள்வதும் இதே குறையால்தான், அதற்குச் சுவருக்குள் அசையாத துகள்களை அடுக்கி அவற்றையும் அடர்த்திக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அழுத்த விசைக்கும் பாலி6-ஐயே பயன்படுத்தாதீர்கள். துகள்கள் நெருங்க நெருங்க அதன் சரிவு பூஜ்யத்தை நோக்கிப் போகும், தள்ளவேண்டிய நேரத்தில் தள்ளாது, கடைசியில் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொள்ளும். நடுவில் கூர்மையாக இருக்கும் ஸ்பைக்கி கெர்னல் இதற்காகவே வந்தது. அதிலும் இரண்டு துகள் ஒரே புள்ளியில் விழுந்தால் தூரம் பூஜ்யம், வகுத்தால் நேன் (NaN, எண்ணே அல்லாத விடை), ஒரு துகளில் வந்த நேன் அண்டை வழியாகப் பரவி கொஞ்ச நேரத்தில் திரையே காலி.

அடர்த்தியையும் விசையையும் ஒரே லூப்பில் கணக்கிட்டு நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். எல்லாத் துகளுக்கும் அடர்த்தி முடிந்த பிறகுதான் விசை, இல்லாவிட்டால் பாதிப் பேருக்குப் பழைய அடர்த்திதான் கிடைக்கும்.

ஃப்ரேம் நேரத்தை அப்படியே டைம்ஸ்டெப்பாகக் (ஒரு கணக்கு அடியில் நகரும் நேரம்) கொடுப்பதும் வேண்டாம். ஒரு ஃப்ரேம் தாமதமானால் போதும், தண்ணீர் வெடிக்கும். நிலையான சிறு அடிகளாகப் பிரியுங்கள், ஒரு ஃப்ரேமுக்கு இத்தனை அடிதான் என்று உச்சவரம்பும் வையுங்கள். விறைப்பை 4 மடங்காக்கினால் அடியைப் பாதியாக்க வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், தண்ணீர் அமுங்குகிறதே என்று விறைப்பை ஏற்றும்போது என்ன விலை கொடுக்கிறோம் என்பது புரியும்.

அப்புறம் வேகம். 5000 துகள்களில் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் ஒரு அடிக்கு 2.5 கோடி சோதனை. கெர்னல் ஆரம் அளவுக்குக் கட்டங்கள் போட்டால் 2டி-யில் 9 கட்டம், 3டி-யில் 27 கட்டம் பார்த்தால் போதும். கட்ட எண்ணைக் கண்டுபிடிக்க ஃப்ளோர் (floor, எப்போதும் கீழ்நோக்கி முழு எண்ணாக்குவது) பயன்படுத்துங்கள். வெறுமனே முழு எண்ணாக மாற்றினால் -0.5-உம் 0.5-உம் ஒரே கட்டத்தில் விழும், அச்சுக்கோட்டை ஒட்டிய கட்டம் மட்டும் இரண்டு மடங்கு அகலமாகி, அங்கே வீண் சோதனைகள் கூடும்.

பளபளப்பான மேற்பரப்பு வரைவதையும் ஜிபியுவுக்கு மாற்றுவதையும் கடைசிக்குத் தள்ளுங்கள். அதுவரை துகள்களை வெறும் வட்டங்களாக, அடர்த்திக்கு ஏற்ற நிறத்தில் வரைந்தாலே போதும்.